மோதிலாலின் அவசரமின்மை

1952இல் சென்னையிலிருந்து இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று 'பராசக்தி'. மற்றது ஜெமினியில் எஸ்.எஸ். வாசன் ஹிந்தியில் எடுத்த 'மிஸ்டர் சம்பத்'. முதல் படத்தைப் பற்றித் தமிழில் எழுதாதவர் இல்லை. அதைத் திட்டியே பெயர் வாங்கியவர்களும் நம்மில் உண்டு. இரண்டாவதை இங்கே அநேகமாக மறந்தாயிற்று. முதல் படத்தில் ஒருவன் கூண்டில் நின்றுகொண்டு ஊரையே எதிர்த்துப் பேசுகிறான். பேசிப் பேசித்தான் அவன் தன்னை நிரூபித்தாக வேண்டும். அவனிடம் வாயைத் தவிர வேறு சொத்து கிடையாது. இரண்டாவது படத்தில் ஒருவன் எவரிடமும் கெஞ்சாமல், குரலைச் சற்றும் உயர்த்தாமல், எல்லோரிடமிருந்தும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகிறான். அந்த இரண்டாமவன் மோதிலால்.

நம் சிறுபத்திரிகை வட்டத்தில் சினிமா நடிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மிகை கூடாது. குரல் தாழ்ந்திருக்க வேண்டும். முகத்தில் தேவையில்லாமல் ஒரு தசையும் அசையக் கூடாது. இயல்பு, இயல்பு, இயல்பு. உரைநடைக்கும் நாம் வைத்திருப்பது இதே சட்டம்தான். அடைமொழியைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஆச்சரியக்குறியைக் கண்டால் எழுந்து போய்விடுகிறோம். நானும் இந்தச் சட்டத்தை ஏற்றவன், அதன் பேரில் சிலரைத் தண்டித்து எழுதியவன். ஒரு மழைக்காலம் முழுக்க, கிடைத்த வரிசையில், தேய்ந்த பிரதிகளில் மோதிலாலின் படங்களைப் பார்த்து முடித்தபின், அந்தச் சட்டத்தின் மேல் எனக்கிருந்த நிச்சயம் கலைந்து கிடக்கிறது. ஹிந்தி சினிமாவில் 'இயல்பான நடிகர்' என்ற பட்டத்தை முதன்முதலில் பெற்றவர்களில் ஒருவர் அவர். அந்தப் பட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாழ்க்கை விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 1910 டிசம்பர் 4 அன்று சிம்லாவில் பிறந்தவர். முழுப்பெயர் மோதிலால் ராஜ்வன்ஷ். சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட, டாக்டராக இருந்த சித்தப்பாவின் பராமரிப்பில் வளர்ந்தார். சிம்லாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் தில்லியிலும் படிப்பு. கடற்படையில் சேரும் உத்தேசத்தோடு பம்பாய் வந்தவர், பரீட்சை சமயத்தில் உடம்பு சரியில்லாமல் போய் வாய்ப்பை இழந்தார். அப்புறம் ஒரு நாள் சாகர் ஸ்டூடியோவில் படப்பிடிப்பு வேடிக்கை பார்க்கப் போனார். அங்கே டைரக்டர் கே.பி. கோஷ் அவரைப் பார்த்தார். 1934இல் 'ஷஹர் கா ஜாதூ' படத்தின் கதாநாயகன் ஆகிவிட்டார். எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன். வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரியே அவர் கடைசிவரை காமிராவின் முன் நின்றார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் இப்படிச் சொல்வது சௌகரியமாக இருக்கிறதே ஒழிய முழு உண்மையில்லை.

உண்மை எங்கே இருக்கிறதென்றால், அவர் எங்கிருந்து வரவில்லை என்பதில் இருக்கிறது. அவர் பார்ஸி நாடக மேடையிலிருந்து வரவில்லை. 1931இல் 'ஆலம் ஆரா'வோடு ஹிந்தி சினிமா வாய் திறந்தபோது, பேசத் தெரிந்தவர்கள் என்று சினிமாவுக்குக் கிடைத்தவர்கள் மேடைக்காரர்களே. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பயின்ற தொண்டை அவர்களுடையது. மைக் ஓர் அடி தூரத்தில் தொங்குகிறது என்பதை அந்தத் தொண்டை நம்ப மறுத்தது. 'புகார்', 'சிக்கந்தர்' படங்களில் ஸோராப் மோடி பேசுவதைக் கேட்டால் இது விளங்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு கம்பீரம் உண்டு, அந்த சரித்திரப் படங்களுக்கு அது பொருந்தவும் செய்தது. ஆனால் மோதிலாலுக்கு மறக்க வேண்டிய பாடம் எதுவுமில்லை. அறையில் உட்கார்ந்து பேசுகிறவன் எப்படிப் பேசுவானோ அப்படிப் பேசினார். மைக் அதை வாங்கிக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து, 1936இல், பாம்பே டாக்கீஸில் லாபரட்டரி வேலையில் இருந்த அசோக் குமாரும் இதே மாதிரி தற்செயலாகக் கதாநாயகன் ஆனார். அவர் படம் படமாகக் கற்றுக்கொண்டு தேறியவர். ஆரம்பப் படங்களில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மோதிலாலின் கைகளுக்கு அந்தப் பிரச்னை என்றைக்குமே இருந்ததில்லை. சட்டைப் பை எங்கே இருக்கிறதென்று அவற்றுக்குத் தெரியும்.

கவனிக்க வேண்டிய இடம் இது. சட்டைப் பை எங்கே இருக்கிறது என்று தெரிவதும் ஒரு வகை வளர்ப்பு. சிம்லா, டாக்டர் வீட்டுச் சூழல், நல்ல ஹிந்துஸ்தானி, நல்ல இங்கிலீஷ், நன்றாகத் தைத்த கோட்டு, சற்றே சாய்த்து வைத்த தொப்பி. சாகர் அவரை வைத்து எடுத்த படங்கள் பெரும்பாலும் இந்த வளர்ப்பை விற்ற படங்கள். அந்தக் கம்பெனி நமக்கும் கொஞ்சம் உறவுதான். பேசும் படத்தின் ஆரம்ப வருஷங்களில் தமிழ்ப் படங்களும் எடுத்தது. 1932இல் வந்த தமிழ் 'காலவ ரிஷி'யை இயக்கிய ஸர்வோத்தம் பதாமிதான் பின்னால் மோதிலாலை வைத்து 'டாக்டர் மதுரிகா' (1935), 'தீன் ஸௌ தின் கே பாத்' (1938) ஆகியவற்றையும் எடுத்தார். முதலாவது கே.எம். முன்ஷியின் கதை. டாக்டருக்குப் படித்த மனைவி வீட்டைக் கவனிக்கவில்லை என்று கவலைப்படும் பழைய சரக்கு. அதில் நின்று பேச ஒன்றுமில்லை. இரண்டாவதில் பணக்கார இளைஞன் ஒருவன், கையில் காசில்லாமல் 300 நாட்கள் பிழைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டு வீட்டை விட்டு வெளியேறுகிறான். இந்தக் கதையமைப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைசியில் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும். வறுமை அங்கே ஒரு பந்தயம். 301ஆம் நாள் வீடு காத்திருக்கிறது. அந்த வீட்டின் நிச்சயம் முகத்தில் இருப்பதால்தான் தெருவிலும் அவனுக்குப் பதற்றமில்லை.

பிறகு ரஞ்சித் மூவிடோனுக்குப் போனார். 1940இல் சந்துலால் ஷா அங்கே 'அசூத்' எடுத்தபோது தீண்டப்படாத சாதி இளைஞனாக மோதிலாலைப் போட்டார். உயர்ந்த நோக்கம், காந்தி காலத்துப் படம். ஆனால் அந்த வேஷத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததே பல விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. தன்மேல் ஒருவர் நிழல் பட்டாலும் ஒதுங்க வேண்டும் என்று பிறந்தது முதல் சொல்லப்பட்ட உடம்பு எப்படி நிற்கும் என்ற கேள்வி அன்றைய சினிமாவுக்கு எழவேயில்லை. 1943இல் மெஹபூபின் 'தக்தீர்'. நர்கிஸ் கதாநாயகியாக வந்த முதல் படம் அது. அந்தச் சிறு பெண்ணுக்கு எதிரே மோதிலால். 1949இல் 'ஏக் தீ லட்கி'. இவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவதில் லாபமில்லை. படங்கள் சுமார், அவர் நன்றாக இருக்கிறார் என்ற ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி எழுத வேண்டிவரும்.

ஒன்றை மட்டும் விட முடியாது. சாகர் காலத்தில் தன் பாட்டைத் தானே பாடிய மோதிலாலுக்கு, 1945இல் 'பஹலி நஜர்' படத்தில் வேறொருவர் பாடினார். தன் தூரத்து உறவுக்காரப் பையன் ஒருவன் கல்யாண வீட்டில் பாடக் கேட்டு, அவனைப் பம்பாய்க்கு அழைத்து வந்து தன்னோடு தங்க வைத்து, சங்கீதமும் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தவர் மோதிலால். அந்தப் பையன் முகேஷ். அனில் பிஸ்வாஸ் இசையில் அவர் பாடிய அந்தப் பாட்டு அப்படியே ஸைகலின் குரல். ஸைகலே பாடியதாகக் கேட்டவர்கள் நினைத்தார்கள். திரையில் தெரிவதோ துக்கத்தைக்கூட ஒரு விருந்தாளியைப் போல மரியாதையாக உட்கார வைக்கும் மோதிலாலின் முகம். ஒரு முகமும் இன்னொருவரின் குரலைப் போலி செய்யும் மூன்றாமவரின் குரலும். பின்னணிப் பாட்டு என்ற ஏற்பாட்டின் அபத்தம் இவ்வளவு துல்லியமாக எங்கேயும் வெளிப்பட்டதில்லை. அந்த அபத்தம் கேட்க நன்றாகவும் இருந்தது என்பதுதான் நம்மைப் போன்ற கோட்பாட்டுக்காரர்களுக்குச் சங்கடம்.

இனி சம்பத்.

ஆர்.கே. நாராயண் 1941இல் மைசூரிலிருந்து 'இந்தியன் தாட்' என்ற காலாண்டிதழை நடத்தினார். சில இதழ்களோடு அது நின்றது. நம்மில் எவருக்கும் இதில் ஆச்சரியமிருக்காது. அந்தப் பத்திரிகையை அச்சிட்டுத் தந்த அச்சகக்காரர்தான் சம்பத்துக்கு மூலம். நாவலில் ஸ்ரீனிவாஸ் என்பவன் ஊரைத் திருத்தும் உத்தேசத்தோடு ஒரு வாரப்பத்திரிகை நடத்துகிறான். சம்பத் அதன் அச்சகக்காரன். இதழ் வருமா வராதா என்பது ஸ்ரீனிவாஸின் லட்சியத்தைப் பொறுத்ததல்ல, சம்பத்தின் மனநிலையைப் பொறுத்தது. பிறகு சம்பத் அச்சகத்தை மூடிவிட்டு சினிமாக் கம்பெனி பக்கம் போகிறான். லட்சியவாதியும் கூடவே போகிறான். இந்த நாவலைச் சிறுபத்திரிகைக்காரர்கள் வேத புஸ்தகம் மாதிரி வருஷம் ஒருமுறை பாராயணம் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நாவல் 1949இல் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1947இல், நாராயண் ஜெமினிக்குக் கொடுத்த கதையில் சம்பத் திரைக்கு வந்துவிட்டான். படம் 'மிஸ் மாலினி'. சம்பத்தாக நடித்தவர் கொத்தமங்கலம் சுப்பு. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடையாது. நம் தேசத்தில் படச்சுருளுக்கு நேரும் கதி இது. தில்லானா மோகனாம்பாள் எழுதிய கையும் வில்லுப்பாட்டுப் பாடிய தொண்டையும் உள்ள சுப்பு, அந்தப் போக்கிரியைத் தஞ்சாவூர் மண்ணில் முக்கித்தான் எடுத்திருப்பார். ஒப்பிட வழியில்லாமல் போனது பெரிய நஷ்டம்.

மோதிலாலின் சம்பத்துக்கு எந்த ஊர் மண்ணும் ஒட்டவில்லை. அதுதான் விசேஷம். ஹிந்திப் படம், சென்னையில் எடுக்கப்பட்டது; பத்மினி நாடக நடிகை; கன்ஹையாலால் பணக்கார சேட்; 'சந்திரலேகா' எடுத்த கையால் அடங்கி எடுக்க முடியாத வாசன், நடுநடுவே ஆட்டத்தையும் பாட்டையும் கொட்டியிருக்கிறார். இந்தச் சந்தையின் நடுவே மோதிலால் ஒருவர் மட்டும் அவசரமே இல்லாமல் நடக்கிறார். ஏமாற்றுக்காரன் என்றால் கண்ணை உருட்ட வேண்டும், பார்வையாளனைப் பார்த்து ரகசியமாகச் சிரிக்க வேண்டும் என்பது மரபு. மோதிலால் ஏமாற்றவே இல்லை. தான் சொல்வதை அந்த நிமிஷத்தில் முழுக்க நம்புகிறார். எதிரே இருப்பவரின் ஆசையை அவருக்கே சொல்லிக் காட்டுகிறார். சேட்டுக்கு அந்தஸ்து வேண்டும், நடிகைக்குச் சொந்தக் கம்பெனி வேண்டும். ஏற்கெனவே இருக்கிற பசிக்கு இலை போடுகிறவன் மட்டுமே சம்பத். இதைச் செய்ய அவனுக்குத் தேவையான முதலீடு ஒன்றே ஒன்று: எதுவும் தேவைப்படாதவன் போல் இருப்பது.

இதை எனக்கு விளக்க சினிமா தேவையில்லை. நான் பிழைப்புக்கு உட்காரும் கவுண்டரே போதும். நகைக்கடனுக்கு வருகிற விவசாயி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார். குரல் வேண்டியதைவிட உயர்ந்திருக்கும்; மகள் கல்யாணம், மழை பொய்த்தது, மாடு செத்தது என்று ஒரு முழு நாடகம். அவர் வைக்கும் நகை அசல் தங்கம். அவருக்கு டோக்கன் கொடுத்து மதியம் வரச் சொல்வோம். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தார். மின்விசிறி சத்தம் போடுகிறதே, எண்ணெய் விடக்கூடாதா என்று விசாரித்தார். கடனைப் பற்றி முதல் பத்து நிமிஷம் பேச்சே இல்லை. மேனேஜர் காபி வரவழைத்தார். காகிதங்களை நான்தான் பூர்த்தி செய்தேன், கையெழுத்து மட்டும் அவருடையது. அந்தக் கணக்கு இன்றைக்கு எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று அவர் வெளியேறியதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என்ன இயல்பான மனிதர்! விவசாயியைப் பற்றி நினைத்தது: சிவாஜி மாதிரி பேசுகிறார்.

இதற்காக நான் வெட்கப்பட்டது பின்னால். மோதிலாலைப் பார்த்தபோதுதான்.

தாழ்ந்த குரலை அழகியல் மதிப்பாக நாம் வைத்திருக்கிறோம். அது யாருடைய குரல் என்று கேட்பதில்லை. குரலை உயர்த்தத் தேவையில்லாதவனின் தாழ்ந்த குரல் ஒன்று உண்டு. அவன் முணுமுணுத்தாலும் நாலு பேர் குனிந்து கேட்பார்கள். 'பராசக்தி'யின் குணசேகரன் முணுமுணுத்தால் யார் கேட்பார்கள்? அந்தப் படத்தின் அலங்காரத் தமிழை இன்றும் என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை; அந்த விஷயத்தில் நான் திருந்தவில்லை. ஆனால் அந்த உரத்த குரல் வெறும் ரசனைக் கோளாறு என்று இனி எழுத மாட்டேன். கேட்கப்படாதவர்கள் கேட்கப்படுவதற்குக் கண்டுபிடித்த வழியும் அதில் இருக்கிறது.

மோதிலாலின் பெருமை, இந்த விஷயம் அவருக்கே தெரிந்துவிட்டதுபோல் அவருடைய பிற்காலப் படங்கள் அமைந்ததுதான். அவருக்குத் தெரிந்ததோ, அவரைத் தேர்ந்தெடுத்த டைரக்டர்களுக்குத் தெரிந்ததோ, விளைவு ஒன்றே. முப்பதுகளில் கவர்ச்சியாக இருந்த அந்தச் சுவாதீனம், ஐம்பதுகளில் சாட்சியமாக மாறுகிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஹிந்தி சினிமா பணக்காரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பியது. ஆனால் அதற்குக் கிடைத்த பணக்கார வில்லன்கள் சுருட்டும் மீசையுமாக இருந்தார்கள். மோதிலால் வந்தபோதுதான் நிஜமான பணம் எப்படிப் பேசும் என்று தெரிந்தது. 'அனாரி' (1959) படத்தில் ராஜ் கபூர் தெருவில் கிடந்த பர்ஸை எடுத்து, அதன் சொந்தக்காரரான மோதிலாலைத் தேடிப்போய்க் கொடுக்கிறான். அவர் அவனைப் பெரிய ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார். இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் யார் என்று அவன் பிரமித்துக் கேட்க, இப்படிப் பர்ஸ் கிடைத்து அதைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் என்கிறார். இந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் குரலில் குத்தலும் இல்லை, குற்ற உணர்வும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு எங்கே என்று சொல்வது மாதிரி சொல்கிறார். அதே மனிதரின் மருந்துக் கம்பெனி தயாரிப்பால்தான் பின்னால் ஓர் ஏழைக் கிழவி சாகிறாள். இரண்டையும் செய்வது ஒரே மனிதர் என்பதை நம்ப நமக்குச் சிரமமே இல்லை.

அதே வருஷம் வாசனின் 'பைகாம்' படத்தில் மில் முதலாளி. மறுவருஷம் அதே கதையைத் தமிழில் 'இரும்புத்திரை'யாக எடுத்தபோது அந்த முதலாளி எஸ்.வி. ரங்காராவ். ரங்காராவ் நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்வார். அந்த அதிகாரம் எடையால் வருவது. மோதிலால் நாற்காலி இருப்பதையே கவனிக்காமல் உட்கார்வார். எது பெரிய நடிப்பு என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. எது பழைய பணம் என்று சொல்லிவிட முடியும்.

இதற்குச் சற்று முன்னால் வந்த இரண்டு வேஷங்கள் இன்னும் பெரியவை. 1955இல் பிமல் ராயின் 'தேவதாஸ்'. பரூவாவின் பழைய 'தேவதாஸ்' படத்துக்குக் காமிராமேனாக இருந்தவர் இருபது வருஷம் கழித்துத் தானே எடுத்தது. திலீப் குமார் குடித்துச் சாகிறார். மோதிலால் சுன்னி பாபுவாகக் குடித்துவிட்டுச் சௌக்கியமாக இருக்கிறார். தேவதாஸைக் குடிக்கும் சந்திரமுகியின் வீட்டுக்கும் அழைத்துப் போகிறவர் அவர்தான். துயரத்தைத் தொழிலாக வைத்துக்கொண்ட ஒருவன் பக்கத்தில், வாழ்க்கையிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்காத ஒருவனை உட்கார வைத்ததும், தேவதாஸின் சோகத்தில் எவ்வளவு பங்கு ஜமீன் வீட்டுச் செல்லம் என்பது தெரியத் தொடங்குகிறது. சரத்சந்திரர் இதை உத்தேசித்தாரா என்பது வேறு விஷயம். இந்தப் படத்துக்காகத் துணை நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் பரிசை, தன்னுடையது துணைப் பாத்திரமல்ல என்று சொல்லி வைஜயந்திமாலா மறுத்தார். துணை நடிகருக்கானதை மோதிலால் வாங்கிக்கொண்டார்.

1956இல் 'ஜாக்தே ரஹோ'. சம்பு மித்ராவும் அமித் மைத்ராவும் இயக்கியது. ராஜ் கபூர் தயாரிப்பு. மறுவருஷம் கார்லோவி வாரியில் முதல் பரிசு பெற்றது. தாகத்துக்குத் தண்ணீர் தேடி ஒரு பெரிய அடுக்குக் கட்டிடத்துக்குள் நுழையும் கிராமத்தானைத் திருடன் என்று துரத்துகிறார்கள். இரவு முழுக்க அவன் ஓடி ஒளியும் வீடுகளில்தான் நிஜமான திருடர்கள். மோதிலால் நடுநிசித் தெருவில் குடித்துவிட்டுத் தள்ளாடி வரும் கனவான். அவருக்கு முகேஷ் பாடுகிறார். இதைக் கவனிக்க வேண்டும். முகேஷ் அதற்குள் ராஜ் கபூரின் குரலாகவே ஆகிவிட்டவர். ராஜ் கபூரின் சொந்தப் படத்தில், கதாநாயகனுக்குக் கடைசிவரை வாயே இல்லை. முகேஷின் குரல் குடிகாரப் பணக்காரனுக்குப் போய்விட்டது. பாட்டும் தத்துவமும் அவனுக்கு, தாகம் மற்றவனுக்கு. குடிகாரன் கிராமத்தானைத் தோழமையோடு வீட்டுக்கு அழைத்துப் போகிறான். வீட்டுக்குள் போனதும் தெருவில் தத்துவம் பாடியவன் மனைவியைப் படுத்துகிற பாடு தாங்க முடியாதது. அதே நளினம், அதே அவசரமின்மை. இப்போது அது பயங்கரமாக இருக்கிறது. வங்காளி வடிவத்தில் இந்த வேஷம் சபி பிஸ்வாஸுக்கு. அவர் வீழ்ந்த பிரபு. மோதிலால் வீழவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவி ஆபீஸ் போவார்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் என் வாதம் சுத்தமாக இருக்கும்: சுவாதீனம் என்பது வர்க்க லட்சணம், மோதிலால் அதன் உருவம், அவ்வளவுதான். பால்ராஜ் சாஹ்னி 'தோ பீகா ஜமீன்' படத்துக்காகக் கல்கத்தா தெருவில் ரிக்ஷா இழுத்துப் பழகினார். அவர் இன்னொருவனாக மாறியவர். மோதிலால் எங்கேயும் மாறவில்லை. மாறாததையே மாற்றி மாற்றி வெளிச்சத்தில் காட்டினார். ஆனால் 1960இல் 'பரக்' குறுக்கே வருகிறது.

ஸலில் சௌதுரியின் கதை, பிமல் ராய் படம். ஒரு கிராமத்துப் போஸ்ட்மாஸ்டருக்கு 5 லட்சம் ரூபாய்க்குச் செக் வருகிறது. ஊரில் மிகத் தகுதியான மனிதனுக்கு அதைக் கொடு என்று உத்தரவு. பெரிய மனிதர்கள் எல்லோரும் திடீரென்று தர்மவான்கள் ஆகி ஓட்டுக் கேட்கத் தொடங்குகிறார்கள். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் ஹரதன் என்ற தபால்காரன் ஒருவன். மோதிலால். கடைசியில் அந்த 5 லட்சத்தை அனுப்பிய கோடீசுவரனே அவன்தான் என்று தெரிகிறது. 'தீன் ஸௌ தின் கே பாத்' கதை திரும்பி வந்துவிட்டது: ஏழையாக வேஷம் போடும் பணக்காரன். ஆனால் 22 வருஷம் ஆகியிருக்கிறது. இளைஞனுக்கு அது சவால். ஐம்பது வயதுக்காரருக்கு அது வேறு என்னவோ. தொப்பியில்லை, கோட்டில்லை, நேரான நடைகூட இல்லை. குரல் தாழ்ந்துதான் இருக்கிறது, ஆனால் அது பழைய தாழ்வு அல்ல. இது எதிராளி கேட்பாரோ மாட்டாரோ என்ற சந்தேகத்தில் பாதியில் நின்றுவிடும் குரல்.

குரலை உயர்த்தத் தேவையில்லாதவனின் மெதுவான பேச்சைச் சொன்னேன். உயர்த்துவதற்கு வழியில்லாதவனின் மெதுவான பேச்சு ஒன்றும் இருக்கிறது. நம் மொழியில் அதை அறிந்து எழுதியவர் அசோகமித்திரன். 'மிஸ்டர் சம்பத்' வெளிவந்த அதே 1952இல்தான் அவர் ஜெமினியில் வேலைக்குச் சேர்ந்தார், சுமார் 14 வருஷம் அங்கே இருந்தார். சத்தம் போட்டால் தான் கவனிக்கப்பட்டுவிடுவோம், கவனிக்கப்பட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில் உள்ள மனிதர்களின் குரல் 'கரைந்த நிழல்கள்' நாவல் முழுக்க இருக்கிறது. அதை நாம் 'அண்டர்ப்ளே' என்று பாராட்டி, சுவாதீனத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டோம். மோதிலால் தன் வாழ்நாள் பூராவும் முதல் வகைக் குரலில் பேசியவர். 'பரக்'இல் எப்படியோ இரண்டாவதற்குள் நுழைந்துவிட்டார். வளர்ப்பு மட்டுமே அவருடைய கலை என்றால் இது நடந்திருக்க முடியாது. வெறும் நடிப்புத் திறன் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. கதையின்படி அவன் பொய்த் தபால்காரன். அப்படியிருந்தும், உண்மை வெளிப்படும் இடத்தில் கோடீசுவரனாகத் திரும்பும் மோதிலாலைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் படத்துக்கும் துணை நடிகர் பரிசுதான் வந்தது.

பந்தயக் குதிரை, சீட்டாட்டம், விமானம் ஓட்டுதல், சிநேகிதிகள் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுக்கு முடிவில்லை. அவற்றை ரசிகர் பத்திரிகைகளிடம் விட்டுவிடுகிறேன். கடைசி வருஷங்களில் கையிருப்பு கரைந்திருந்தது. அந்த நிலைமையில் 'சோட்டீ சோட்டீ பாதே(ன்)' என்ற படத்தைத் தானே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தார். தன் பெயருக்கு வேறு யாரும் கடன் கொடுக்காத காலத்தில் தன்மேல் தானே பணம் கட்டிய ஒரே பந்தயம் அது. 1965 ஜூன் 17 அன்று பம்பாயில் இறந்தார், வயது 54. படம் அதற்குப் பிறகு வெளிவந்தது. முகேஷ் பாடியிருந்தார். இசை, இருபது வருஷத்துக்கு முன் முகேஷை மோதிலாலுக்காகப் பாட வைத்த அதே அனில் பிஸ்வாஸ். அவருக்கும் அதுவே கடைசி ஹிந்திப் படம்.